பன்னிரண்டு நாற்பதுக்கு எடுத்த படம்

அத்தியாயம் 6

மணி ஒன்று இருபது. நாலு மணிக்கு ஒரு பெண் தன் கைப்பட எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ளப் போகிறாள். அதைத் தடுத்தே தீருவோம் என்று காலையில் வாக்குக் கொடுத்த துப்பறியும் நிறுவனத்திடம் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அதுவும் ‘இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று ஏழாவது தடவையாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

லொள்ளு அதை முறைத்துப் பார்த்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய சான்றிதழ்களில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி வாய்த்துடுக்குக்குக் கிடைத்த பட்டப்பெயரே வீட்டிலும் வெளியிலும் நிலைத்துவிட்டது. முப்பத்து மூன்று வயதுக்குள் நான்கு வேலைகளிலிருந்து வாயாலேயே வெளியே வந்தவன். ஐந்தாவதாக அவனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டவள் அவனுடைய அண்ணி.

அண்ணி இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டங்களை நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளராக இருந்தவள். வேலையை விட்டதும் டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஓர் அறையைப் பிடித்து, கதவில் ‘தனியார் விசாரணை’ என்று எழுதி மாட்டிவிட்டாள். அண்ணன் கப்பல் எஞ்சினியர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில். அது உத்தியோகத்துக்காக இல்லை, அண்ணியின் குறுக்குக் கேள்விகளுக்குத் தப்பிப்பதற்காக என்பது லொள்ளுவின் கட்சி.

“மூடிட்டு மறுபடி திற” என்றாள் அண்ணி, ஜன்னலோரம் நின்றபடி.

“ஏழு தடவை பண்ணிட்டேன், அண்ணி. எட்டாவது தடவை கேட்டா இது ராஜினாமா குடுத்துடும்.”

வழக்கமாக இதற்கு அண்ணியின் உதட்டோரம் ஒரு சுளிப்பாவது வரும். இன்றைக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். பழம்பொருள்களை ஏலம் விடும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் ரூம் பொறுப்பாளராக இருப்பவள், எல்லோரும் சாவியக்கா என்று கூப்பிடும் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி. இடுப்பில் கொத்துச் சாவி, பத்தொன்பது வருஷ வேலை, ஒரு குண்டூசி தொலைந்ததாகக்கூடப் பேச்சில்லை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளும் எண் போட்ட தட்டில் அவளிடம் இருக்கும். கம்பெனியின் போட்டோகிராபர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போவார். விளம்பரப் புத்தகத்துக்கு வேண்டிய படங்களைப் பெரிய கேமராவில் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார். திருப்பி வைத்ததும் அவளுடைய மேசையிலேயே, அந்தத் தட்டோடு, ஒரு சின்னக் கேமராவில் ஒரு படம் எடுக்க வேண்டும். அதற்கு ‘திரும்பு படம்’ என்று பெயர். பேரேட்டில் அதை ஒட்டுவதற்குச் சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். படம் இருந்தால் பொருள் வந்துசேர்ந்ததாக அர்த்தம், வேறு கையெழுத்துக் கிடையாது.

திங்கட்கிழமை ஒரு பழைய முத்து மாலை அப்படி மேலே போனது. திரும்பி வரவே இல்லை என்கிறாள் சாவியக்கா. பன்னிரண்டு நாற்பதுக்குத் திருப்பி வைத்தேன், இதோ படம் என்கிறார் போட்டோகிராபர். அவள் மேசை, அவள் தட்டு, மாலை, படத்தின் ஓரத்தில் மணி. வெறும் படமாக இருந்தால், அதில் யாரோ திருத்தம் செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். அவரோ கேமரா பிடித்ததைப் பிடித்தபடி வைத்திருக்கும் மூல ஃபைலையே, அவர்கள் பாஷையில் ரா ஃபைலையே, நீட்டிவிட்டார். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்து, இதில் யாரும் கை வைக்கவில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் மோசமானவர் இல்லை. போலீசுக்குப் போகாமல் முடிக்கலாம், ‘பெற்றுக்கொண்டேன், என் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விடுங்கள் என்று வியாழன் நாலு மணி வரை தவணை கொடுத்திருந்தார். இன்று வியாழன்.

காலையில் இந்த அறைக்கு வந்தபோது சாவியக்கா அழவில்லை. வேலையைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, தன் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி ஆரம்பித்ததைச் சொன்னாள். முதலில் பாலை அடுப்பில் வைத்ததை மறந்தாள், பிறகு தெருவை, கடைசியில் பெற்ற மகளையே பார்த்து நீ யாரு என்று கேட்டாள்.

“மத்தியானம் அவர் வெறுங்கையோட வந்து நின்னதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு” என்றாள். “ஆனா படம் இருக்கே, மேடம். படத்துக்கு மறதி வராதில்ல. எனக்குத்தான் ஏதோ ஆரம்பிச்சிருச்சு. கையெழுத்துப் போட்டுடலாம்னு வீட்டுக்காரரும் சொல்றார்.”

லொள்ளுவுக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. எந்தக் குற்றமும் செய்யாதவள் தன்னைத் திருடி என்று ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய கொடுமை, தன் மூளையே தன்னை ஏமாற்றுகிறது என்று ஒப்புக்கொள்வதுதான் என்று அவனுக்குப் பட்டது.

போட்டோகிராபர் அவளிடம் ஒரு பென் டிரைவையும் கொடுத்து அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை இரண்டு கேமராக்களிலும் எடுத்த அத்தனை ரா ஃபைலும் அதில் இருந்தன. யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள் என்றாராம். அந்தத் தாராளம்தான் அண்ணிக்கு உறுத்தியது.

“திறக்க என்ன வேணும்?”

“இதுக்குன்னு தனி மென்பொருள் வேணும். அஞ்சு இருக்கு. எல்லாம் பார்த்துட்டேன்” என்று லொள்ளு விரல் விட்டு எண்ணினான். முதலாவது, போட்டோகிராபர் வைத்திருப்பது. ஊரே புகழ்வது, ஆனால் விற்க மாட்டார்கள், வாடகைக்குத்தான் விடுவார்கள், அதுவும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல். “ஒரு மணி நேரம் பேசிட்டு வர்றேன்னா, தாலி கட்டிட்டுப் பேசுன்னு சொல்ற மாதிரி இருக்கு.” இரண்டாவதை ஒரே தடவையில் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் இந்த லேப்டாப்பையும் அவனையும் சேர்த்து விற்றாலும் பாதிதான் தேறும். மூன்றாவது, கேமரா கம்பெனிக்காரனே இனாமாகத் தருவது. அதற்குக் கேமராவின் அடியில் உள்ள எண்ணைக் கேட்கிறான். கேமராவோ எதிராளியின் தோளில் தொங்குகிறது.

“நாலாவது?”

“அது இனாம், சின்னது, ரெண்டே நிமிஷம். இறக்கிட்டேன். பாருங்க.”

திரையில் படம் வந்தது. சாம்பல் நிறக் கம்பளித் துணி விரித்த மேசை, நடுவில் பதினாறு என்று எண் போட்ட தட்டு, தட்டில் முத்து மாலை. கச்சிதமான சதுரம். கம்பெனியில் காட்டிய அதே படம், இம்மியும் மாறவில்லை.

அண்ணி நெடுநேரம் பார்த்தாள். பிறகு, இந்த மென்பொருள் எந்தப் படத்தைக் காட்டுகிறது என்று கேட்டாள். கேள்வி அசட்டுத்தனமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே லொள்ளு உதவிப் பக்கத்தைப் படித்தான். படித்ததும் அவன் குரல் மாறியது.

“நிஜப் படத்தைக் காட்டலை, அண்ணி. ரா ஃபைலுக்குள்ள கேமராவே ஒரு குட்டிப் படத்தைத் தயார் பண்ணி வெச்சிருக்குமாம், அடையாளத்துக்கு. இது சட்டுனு அதை எடுத்துக் காட்டிடுது. உள்ளே இருக்கிற சரக்கைத் தொடவே இல்லை.”

“அப்போ டப்பா மேல ஒட்டின லேபிளைத்தான் பார்த்துட்டு இருக்கோம்” என்றாள் அண்ணி. “நிபுணர் எதுல பார்த்தாராம்?”

“போட்டோகிராபரோட கம்ப்யூட்டர்லதான். அந்த வாடகை மென்பொருள்ல.”

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது என்ன என்றாள். அது உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதிய மென்பொருள். முழுக்க இனாம், பார்க்க மட்டும் இல்லை, திருத்தவும் செய்யலாம். ஆனால் முகவெட்டு சரியில்லை, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எழுதியவர்களுக்கே தெரியுமோ என்னவோ. பாராட்டி எழுதியிருப்பதைப் படிக்கட்டுமா என்று லொள்ளு கேட்டான்.

“பாராட்டு எதுக்கு? திட்டுறதைப் படி. எல்லாத்துக்கும் திட்டுறதை மட்டும் படி.”

இன்சூரன்ஸ் புத்தி என்று முனகிக்கொண்டே அவன் படித்தான். வாடகை மென்பொருளைத் திட்டியவர்கள் எல்லோரும் வாடகையைத்தான் திட்டினார்கள். மற்றபடி கேமரா என்ன சொல்கிறதோ அதன்படி அப்படியே காட்டுகிறது என்று அதற்கு நல்ல பெயர். விலைக்கு விற்பதும் அப்படியே. ஐந்தாவதற்கு வந்த வசைகள் பல மாதிரி இருந்தன. இருட்டாகக் காட்டுகிறது, மெதுவாக இருக்கிறது, நிறம் வெளிறுகிறது. அதற்குப் பிறகு ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன்பு எழுதியிருந்தார். கேமராவில் சதுரமாக வைத்து எடுத்த படத்தை இது சதுரமாகக் காட்ட மாட்டேன் என்கிறது, வேண்டாம் என்று விட்ட ஓரங்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறது, இந்தக் குறையைச் சரிசெய்யுங்கள் என்று. கீழே அறுபது பேர் எனக்கும் அப்படித்தான் என்று ஒத்து ஊதியிருந்தார்கள். யாரும் சரிசெய்யவில்லை.

லொள்ளு படிப்பதை நிறுத்தினான். அண்ணி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

“அதை இறக்கு.”

“சதுரத்துக்கு வெளியேயும் படம் இருக்குங்கிறீங்களா?”

“சதுரம் பேரேட்டுக்காக வெச்சது. கேமராவுக்கு உள்ளே இருக்கிற கண்ணு நீளமா இருக்கும்போது அது பாதியை மட்டும் பார்க்குமா? அது எல்லாத்தையும் பார்த்துட்டு, சதுரமாக் காட்டுன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுது. மத்த மென்பொருள் எல்லாம் சீட்டுக்குக் கட்டுப்பட்ட நல்ல பிள்ளைங்க. நமக்கு அடங்காத பிள்ளை வேணும்.”

இறக்குவதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. இணைய வேகம் ஆமையாக ஊர்ந்தது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மின்விசிறி மங்கியது, லொள்ளு லேப்டாப்பை அணைத்துக்கொள்ளாத குறையாகக் காத்தான். எழுபது சதவீதத்தில் போன் அடித்தது. சாவியக்கா. மேனேஜருக்கு நாலு மணிக்கு வேறு வேலை வந்துவிட்டதாம், மூன்று மணிக்கே வரச் சொல்லிவிட்டார்களாம். அவள் கடிதத்தை எழுதி முடித்துவிட்டாளாம்.

“நாங்க வர்ற வரைக்கும் பேனாவைத் திறக்காதீங்க” என்று மட்டும் சொல்லி அண்ணி போனை வைத்தாள். மணி இரண்டு ஐந்து.

இரண்டு பதினெட்டுக்குப் படம் திறந்தது. முதலில் ஒரே இருட்டு. லொள்ளு கண்ட பொத்தானையெல்லாம் இழுத்தான், மெல்ல வெளிச்சம் வந்தது. அடங்காத பிள்ளை தன் பெயரைக் காப்பாற்றியது. சதுரம் போய்ப் படம் இரு பக்கமும் அகலமாக நீண்டு கிடந்தது. இருவரும் திரைக்குள் விழுந்துவிடுவதைப் போலக் குனிந்தார்கள்.

லொள்ளு என்னென்னவோ எதிர்பார்த்திருந்தான். சாம்பல் துணி சதுரத்தோடு முடிந்துபோகும், அப்பால் போட்டோகிராபரின் வீட்டுத் தரை தெரியும், அவருடைய செருப்புகூடத் தெரியும். அத்தனையும் பொய்த்துப்போனது. வலப்பக்கம் சாவியக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, கைப்பை, சாவிக்கொத்து. இடப்பக்கம் அவள் ஸ்டோர் ரூம் அலமாரியின் கீழ்த் தட்டு. அதில் ஒரு மரப்பெட்டி, ஒரு காது உடைந்த நீல ஜாடி, ஒரு குதிரைப் பொம்மை. சந்தேகமே இல்லை, இது அவளுடைய அறைதான். அவளுடைய மேசைதான்.

“அவர் பொய் சொல்லலை, அண்ணி” என்றான் லொள்ளு. “நாம அவருக்குச் சாட்சி தேடிக் குடுத்திருக்கோம்.”

அண்ணி லேப்டாப்பை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

காரை லொள்ளு ஓட்டினான். அண்ணி பக்கத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பென் டிரைவில் இருந்த மற்ற படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவன் எட்டிப் பார்த்தான். மேல்மாடியில் வெள்ளைத் திரைக்கு முன்னால் பெரிய கேமராவில் எடுத்த படங்கள், பொருள் மாறி மாறி வந்தது. ஓர் இடத்தில் அண்ணியின் விரல் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி முன்னே வந்தது.

“என்ன?” என்றான்.

“ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றாள். அண்ணியின் உதட்டோரம் அந்தச் சுளிப்பு வந்திருந்தது.

ஏலக் கம்பெனியின் கூட்ட அறையில் நீள மேசை. ஒரு முனையில் மேனேஜர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. சுவரில் பெரிய திரை. போட்டோகிராபர் நாற்பது வயது, சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, யாரோடும் பகையில்லாத முகம். தன் கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தார். சாவியக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் மடித்த கடிதம். கணவர் வெளியே காத்திருக்கிறாராம்.

பத்து நிமிஷம்தான் என்றார் மேனேஜர். அது போதும் என்றாள் அண்ணி. போட்டோகிராபரிடம் மரியாதையாகவே பேசினாள். திங்கட்கிழமை மத்தியானம் என்ன வேலை என்று கேட்டாள். அவர் தயங்கவே இல்லை. பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை ஒரே ஜாடியைத்தான் படம் எடுத்ததாகவும், பளபளப்பான சாமான் என்பதால் வெளிச்சம் மாற்றி மாற்றி முப்பது படம் எடுக்க வேண்டியிருந்ததாகவும், நடுவில் மாலையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். ஜாடி மேலே அவரிடம் எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தது என்று அண்ணி கேட்டாள். காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் மூன்று வரை, பேரேட்டிலேயே இருக்கிறது என்றார். மேனேஜர் பேரேட்டைப் புரட்டித் தலையசைத்தார்.

லொள்ளுவுக்குப் பிடி கிடைத்தும் கிடைக்காமலும் இருந்தது. ஜாடி, ஜாடி என்று மனசுக்குள் எதுவோ தட்டியது.

அண்ணி சைகை செய்ததும் அவன் லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்தான். அகலப் படம் சுவரில் விரிந்தது. போட்டோகிராபரின் முகத்தில் ஒரு கணம் ஈயாடவில்லை. அவர் இப்படி ஒரு படத்தை எடுத்ததே இல்லை என்று அவரே சத்தியம் செய்திருப்பார். ஆறு வருஷமாக அந்தச் சின்னக் கேமராவில் சதுரத்தை மட்டுமே பார்த்தவர், ஒரே மென்பொருளில் மட்டுமே திறந்தவர். மூல ஃபைலும் சதுரம்தான் என்று நம்பியிருந்ததால்தான் அதை இத்தனை தாராளமாக நீட்டினார்.

ஆனால் கெட்டிக்காரர். உடனே சுதாரித்துக்கொண்டார். இனாமாகக் கிடைக்கிற மென்பொருள், ஓரத்தில் கண்டதையும் ஒட்டிக் காட்டும், இதையெல்லாம் நம்பலாமா என்று மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்.

“நியாயம்தான்” என்றாள் அண்ணி. “உங்க மென்பொருள்லயே பார்த்துடலாம். ஓரம் வெட்டுற இடத்துல ‘பழையபடி ஆக்கு’ன்னு ஒரு பொத்தான் இருக்குமாம். அதைக் கொஞ்சம் அழுத்துறீங்களா?”

அவர் கை அசையவில்லை. மேனேஜர் எழுந்து வந்து, தானே மவுஸைப் பிடித்துத் தேடி அழுத்தினார். ஊரே புகழும் வாடகை மென்பொருள் ஒரு மூச்சில் சதுரத்தை அவிழ்த்துவிட்டது. அதே அலமாரி, அதே ஜாடி, அதே கண்ணாடிக் கூடு, நிறம் மட்டும் இன்னும் அழகாக.

போட்டோகிராபர் படத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் தோள்களின் விறைப்பு மெல்லத் தளர்ந்தது. லொள்ளு எதற்குப் பயந்தானோ அதை அவர் கண்டுகொண்டுவிட்டார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார். “மேசை மட்டும்தான் தெரியுது, வேற எங்கயாவது துணி விரிச்சு எடுத்திருப்பேன்னுகூட நீங்க நினைச்சிருக்கலாம். இப்போ முழு ரூமே தெரியுது. அவங்க கண்ணாடி, அவங்க பை. நான் அவங்க ரூம்ல, அவங்க மேசையிலதான் வெச்சிருக்கேன்.”

மேனேஜர் பெருமூச்சு விட்டார். சாவியக்கா சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தாள், தன் பையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து கடிதத்தை மேசையில் விரித்தாள்.

“போதும், மேடம்” என்றாள். “நீங்க எனக்காக ரொம்ப அலைஞ்சுட்டீங்க. பேனா இருந்தா குடுங்க.”

லொள்ளு அண்ணியைப் பார்த்தான். அண்ணி பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கையெழுத்து அங்க வேண்டாம்” என்றாள் அண்ணி. “எழுந்து போய் அந்தத் திரையில, இடது பக்க அலமாரில இருக்கிற ஜாடியைப் பேனாவால தொட்டுக் காட்டுங்க. அது எந்தத் தட்டு?”

சாவியக்கா போனாள், தொட்டாள். “இருபத்தேழு. ஒரு காது உடைஞ்சது. இது ஒண்ணுதான் இருக்கு, ஜோடி கிடையாது.”

“லொள்ளு, பெரிய கேமராவுல பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு எடுத்ததைப் போடு.”

அவன் போட்டான். வெள்ளைத் திரைக்கு முன்னால், அழகான வெளிச்சத்தில், ஒரு காது உடைந்த நீல ஜாடி நின்றது. அண்ணி கேட்காமலே அடுத்ததையும் போட்டான். பன்னிரண்டு நாற்பத்து மூன்று. அதே ஜாடி, கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார்கள்.

“பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு மேல்மாடி” என்றான் லொள்ளு, தன்னை அடக்க முடியாமல். “பன்னிரண்டு நாற்பதுக்குக் கீழே ஸ்டோர் ரூம். நாற்பத்து மூணுக்குத் திரும்ப மேல்மாடி. காதுதான் ஒண்ணு போச்சு, காலு ரெண்டும் நல்லா இருக்கும் போல.”

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி போட்டோகிராபரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இதுவரை இருந்த அவசரம் இல்லை.

சின்னக் கேமராவின் கடிகாரம் சில சமயம் தவறாக ஓடும், தான் கவனிக்கவில்லை என்றார் போட்டோகிராபர். குரல் இறங்கியிருந்தது. அண்ணி அதற்காகவே காத்திருந்தவளைப் போலத் தலையாட்டினாள்.

“ஓடட்டும். கடிகாரம் சரின்னா ஒரு ஜாடி ரெண்டு இடத்துல இருந்திருக்கு. கடிகாரம் தப்புன்னா, ஜாடி அலமாரியில இருக்கும்போது எடுத்த படம் இது. ஜாடி மேல போனது காலையில பத்து மணிக்கு. மூணு மணிக்கு அது கீழே வந்த அப்புறம்னும் சொல்ல முடியாது, ஜாடி வேலைக்கு நடுவுலேயே மாலையை வெச்சேன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ இது பத்து மணிக்கு முன்னாடி எடுத்தது. மாலையை வாங்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, இவங்க அடுத்த தட்டை எடுக்கத் திரும்பின நேரத்துல. கடிகாரத்தை முன்கூட்டியே தள்ளி வெச்சுட்டு வந்திருக்கீங்க. இது திரும்பு படம் இல்லை, போகுற படம். மாலை மேல போனதுக்கு உங்க கையெழுத்து இருக்கு. திரும்பி வந்ததுக்கு இப்போ ஒண்ணுமே இல்லை.”

போட்டோகிராபர் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கினார், பொத்தானைத் தேடினார், கிடைக்கவில்லை. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாலை எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வீட்டில், விளக்குத் தாங்கிகளைப் போட்டு வைக்கும் பையின் அடியில் என்று பதில் வந்தது, மேசையைப் பார்த்தபடி. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், காவலாளியை உள்ளே அனுப்பினார். போட்டோகிராபரைக் காவலாளி அழைத்துப் போனபோது, அந்த யாரோடும் பகையில்லாத முகம் சாவியக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

லொள்ளுவுக்கு ஒரே குதூகலம். இனாம் மென்பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, குறையைச் சரிசெய்துவிடாதீர்கள் என்று எழுதப் போவதாக அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். அண்ணி அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தி, சாவியக்காவைப் பார் என்று கண்ணால் காட்டினாள்.

சாவியக்கா இன்னும் திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார், நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார், கடிதத்தைத் தானே எடுத்துக் கிழித்தார். அவள் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மாலை கிடைத்ததைப் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பேரேட்டைக் காட்டி, அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, திறந்தார்.

அவள் பேரேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை வெளியே போனதை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பதினாறு, முத்து மாலை, ஒன்பது இருபது. இருபத்தேழு, ஜாடி, பத்து. முப்பது, குதிரைப் பொம்மை, பத்தே கால். எட்டு, வெள்ளிப் பேழை, பத்து நாற்பது. குரல் முதலில் திக்கியது, பிறகு நிதானமானது. மேனேஜரின் விரல் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. லொள்ளு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். எதைப் பார்த்தாலும் வாய் திறக்கிறவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பதினொன்றாவது வரி முடிந்தது. மேனேஜர் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“எல்லாம் சரியா இருக்கு, அக்கா” என்றார். “ஒண்ணுகூடத் தப்பில்லை.”

சாவியக்கா கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணுக்குள்ளிருந்து நீர் வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“வேற ஒரு நாளைக் கேளுங்க, சார்” என்றாள்.